படித்ததும் அழியும் எண்

கச்சான் மணலை வாரி இறைக்கும் மதியம்
கீழக்கரையில் எங்கள் தெருமுனையில் நின்று
"செய்யது இபுராகிம் வீடு எது?" என்கிறார்
கூரியர்காரர்.
இந்தத் தெருவில் அந்தப் பேரில் நாலு பேர்.
நாலாவது ஆள் என் வாப்பா.
பெட்டி எனக்கு.

உள்ளே உப்புப் பூத்த பலகை,
ஏர்வாடிப் படகிலிருந்து கழற்றிய ஆழமானி.
கெர்னலுக்குள் அதன் டிரைவர் நான் எழுதியது.

மூன்று படகு, மூன்று வகை சிப்.
மூன்றுக்கும் ஏறத்தாழ அதே நாற்பது வரி;
முகவரி வேறு,
ஒன்றில் மட்டும் ஒரு பிட் தலைகீழ்.

முதலில் நெய்னா நகலெடுத்துத்தான் வைத்திருந்தான்.
"படிக்கிறவன் கண்ணெதிரே இருக்கட்டும்."
தை மாதம் ஒரு பிழையைத் திருத்தினான்
இரண்டு இடத்தில்.
வாலிநோக்கத்துக்கு வெளியே மூன்றாவது படகு
இரண்டு பாகத் தண்ணீரில்
எட்டு என்று காட்டிக்கொண்டே போய்
பாரில் அடிப்பலகை உரசி நின்றது.
மறந்துவிட்டாயா என்றேன்.
மறக்கவில்லை,
மூன்றாவது ஒன்று இருப்பதே தெரியாது என்றான்.

அந்தக் கோபத்தில் எழுதினேன் மேக்ரோ.
வரிக்கு வரி கடைசியில் பின்சாய்வுக் கோடு,
நாற்பதும் சுருண்டு ஒரே வரி.
பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அதற்குள் ஒரு சின்ன மேக்ரோ,
இரண்டில் பெரியது எது என்று சொல்ல.
ஒப்பிடும்போது ஒருதரம் தொடும்,
எடுத்துக் கொடுக்கும்போது இன்னொருதரம்.
நான் அதன் கையில் கொடுத்ததோ
படித்ததும் அழியும் எண்.
முதல் தரம், எதிரொலி வந்தது என்றது.
மறுதரம் பூச்சியம்.
பூச்சியத்தால் வகுக்கப்போய்
கெர்னல் விழுந்தது.

மூன்று படகும் ஒரே வரி எண் சொல்லி விழுந்தன:
இருநூற்றுப் பதினேழு.
அந்த வரியில் இருப்பது
மேக்ரோவின் பேர் மட்டும்.
நாற்பதில் எது?
எந்த இபுராகிம்?

இரவு கரண்ட் போய்விட்டது.
போன் வெளிச்சம். ஷார்ஜாவிலிருந்து நெய்னா.
அவன் ஜெயித்த குரலில் பேசவில்லை,
அதுதான் எரிச்சல்.
"இன்லைன் ஃபங்ஷன் போடு,
ஒருதரம்தான் வாங்கும், வாங்கியதைப் பொத்தி வைத்திருக்கும்."
பேர்களை ஒட்டித் தைக்க?
"அதற்கு உன் மேக்ரோ. மூன்று வரிக்கு மேல் வேண்டாம்."
அந்தத் தலைகீழ் பிட்?
கொஞ்சநேரம் காற்று இரைச்சல் மட்டும்.
"அதை நகலாகவே விடு."

விட்டேன். மேலே அவன் குறிப்பு எழுதினான்:
'இங்கே தொட்டால் அங்கேயும் தொடு.
இது மூன்றாவது. இருக்கிறது.'

பலகை மறுபடி படகேறிவிட்டது.
அடுத்த பெட்டிக்கு முகவரியில்
வீட்டுப்பேரும் சேர்த்திருக்கிறேன்.
கூரியர்காரர் அதைப் படிப்பதில்லை.
தெருமுனையில் வண்டியை நிறுத்தி
"இபுராகிம்!" என்கிறார்.
நாலு கதவு திறக்கிறது.