மைனஸ் இருபத்தொன்பதுக்கு ஒரு பாய்லர்

தண்டையார்பேட்டை, டி.எச். ரோடு,
பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி.
இரவு ஒன்றே கால்.
ஹோல்ம் என்பவருடைய வீட்டுக்கு
பாய்லர் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டுலூத் என்று ஓர் ஊர். போனதில்லை.
ஜனவரி ராத்திரி அங்கே
மைனஸ் இருபத்தொன்பது வரை இறங்கும் என்கிறது அட்டவணை.
சேட்டுக் கடையில் சொல்லும் வட்டிக் கணக்கைப் போல
அதையும் நம்புகிறேன்,
வேறு வழியில்லாமல்.

ஆயிரத்து நானூறு சதுரடி.
தரைக்கு அடியில் அறை அறையாகச் சுருண்டு கிடக்கும் குழாய்.
அதற்குள் வெந்நீர் ஓடும்.
தரை மெல்லச் சூடேறும்.
வீட்டுக்காரர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள்.

முதல் நாள் பயிற்சியில் இதைக் கேட்டு
செல்வமேரி வாய்விட்டுச் சிரித்தாள்.
"தரைய சூடு பண்ண காசு குடுக்கறாங்களா?
எங்க வூட்டுக்கு வரச் சொல்லுங்க சார்.
மே மாசம் ஃப்ரீ."

குழாய்க்குள் போகும் நீர்
முப்பத்தெட்டு டிகிரி இருந்தால் போதும்.
எர்ணாவூரில் என் அறையை ஒட்டிய சின்டெக்ஸில்
சாயங்காலம் ஐந்து மணிக்கு
அதைவிடக் கொதிக்கும்.
அனல்மின் நிலையம் முகத்துவாரத்தில் விடும் வெந்நீரை
யாரும் டிகிரி போட்டுக் கேட்டதில்லை.
இறால் போனபிறகு
வலைக்காரர்கள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ஹோல்முக்குப் பெரிய பாய்லர் வேண்டும்.
ஒரு லட்சத்து இருபதாயிரம்.
அந்த வீடு இழப்பதோ நாற்பத்திரண்டாயிரம்தான்.
பெரியதை விற்றால் எங்களுக்குக் கமிஷன் கூட.
உமாபதி சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்.

போனில் சொல்கிறேன்:
பெரிய பாய்லர் பொறுமை இல்லாதது, மிஸ்டர் ஹோல்ம்.
எரியும், வேலை முடிந்ததென்று அணையும்,
மூன்று நிமிடத்தில் மறுபடி எரியும்.
அப்படியே தேய்ந்து சாகும்.
உங்களுக்குத் தேவை, தீயை
(சிம்மில் என்று வாய்வரை வந்துவிட்டது)
தீயை அடக்கிவைக்கத் தெரிந்த ஒன்று.
ராத்திரி முழுக்கச் சிறியதாக எரிவது.
திரும்பி வரும் நீர் ஆறியிருந்தால்
புகையில் போகும் சூட்டையும் பிடித்துக்கொள்வது.

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
மனைவிக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்வு குறைவு.
பாத்ரூம் ஓடு குளிர்ந்திருப்பது
அவளுக்குத் தெரியாமலே போகிறது,
அதுதான் பயம்.

தரையின் மேல்சூடு இருபத்தொன்பதைத் தாண்ட வேண்டாம்
என்று குறிப்பில் சேர்த்தேன்.
சூடும் தெரியாதே அவளுக்கு.
சின்ன பாய்லரையே எழுதினேன்.
உமாபதி சார் விரலை மடக்கிக்கொண்டார்.

வைக்கும் முன் கேட்டார்:
"கேட்டி, உங்கள் ஊரில் தரை எப்படி?"
என் பெயர் கார்த்தியாயினி.
"சூடுதான் சார்" என்றேன்.
"கொடுத்துவைத்தவர்கள்" என்று சிரித்தார்.
நல்ல மனிதர். அவரிடம் கோபிக்க முடியவில்லை.

அடுத்த அழைப்புக்கு முன்
சும்மா என் அறையைப் போட்டுப் பார்த்தேன்.
பத்துக்குப் பன்னிரண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
மேற்குச் சுவரில் ஜன்னல் இல்லை.
வெளி வெப்பநிலை: நாற்பத்திரண்டு.
கட்டம் சிவந்தது.
தவறான எண், சரிபார்க்கவும்.

காலை ஆறரைக்கு ஷேர் ஆட்டோ.
எண்ணூர் விரைவுச் சாலையில்
கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் முதுகில் ஒன்று.
மணலிப் பக்கமிருந்து அழுகிய முட்டை வாசனை.

அறைக்கு வந்ததும் இரண்டு வாளித் தண்ணீரை
அப்படியே தரையில் கொட்டினேன்.
துடைப்பத்தால் மூலைக்குத் தள்ளினேன்.
ஈரம் காய்வதற்குள் படுத்துவிட வேண்டும்.
முதலில் குதிகால்களை வைத்தேன்.
ஜில்லென்று ஏறியது, முழங்கால்வரை.

கீழிருந்து வீட்டுக்காரம்மா:
"மறுபடி ஊத்துனியா?
இங்க கிச்சன்ல சொட்டுது பாரு!"