வருகைப் பதிவு

பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டியில் ஏறி வெளியே வந்தால்
ஏழு நிமிட நடையில் பள்ளி.
மழையென்றால் பத்து.
வாசலில் பதினான்கு ஜோடிச் செருப்பு,
ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம்.
பதினைந்தாவது என்னுடையது,
அலமாரியில் அடங்காமல் தரையில் கிடக்கும்.

வேலை அனுமதிப் படிவத்திலும் இதே கதைதான்:
மங்கையர்க்கரசி கட்டத்துக்கு வெளியே வழிந்தாள்.
பிள்ளைகள் முதல் நாளே
வெட்டித் தைத்து அளவாக்கிவிட்டார்கள்,
மாங்கோ டீச்சர்.
சீசன் இல்லாத மாதத்திலும் மாம்பழம்.

ஆங்கிலம் மட்டும் பேசவும் என்கிறது
சுவரில் சிரிக்கும் கரடி.
கரடிக்குத் தகுதிகாண் பருவம் கிடையாது.
எனக்கு மூன்று மாதம்.
எந்த ஊர் ஆங்கிலம் என்று ஓர் அம்மா கேட்டாராம்.
தலைமையாசிரியை சற்று யோசித்து
நல்ல ஆங்கிலம் என்றாராம்.
அன்றிரவு சுவா சூ காங் வாடகை அறையில்
வாட்டர் என்ற ஒன்றை
நாற்பது விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
தாகம்தான் எடுத்தது.

காலையில் பெயர் கூப்பிட வேண்டும்.
தேயுல். ஹியர்!
ராவொன். ஹியர் ஹியர் ஹியர்!
பொம். மேசைக்கடியிலிருந்து ஒரு கை.
சொல்.

சொல்?

பைன் மரம் என்று அர்த்தமாம்,
உதவியாசிரியை ஹியேஜின் சொன்னாள்.
ஐந்து வயது மரம்,
பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்தபடி.
எனக்கோ அது ஏவல் வினை.
மூன்று வாரமாக, தினமும்,
ஒரு குழந்தையின் முகத்துக்கு நேரே
சொல் என்கிறேன்.
அவள் சொல்லவில்லை.
பதிவேட்டில் நானே ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன்.

நான்காம் வாரம், புதன்கிழமை, கதை நேரம்.
கரையிலிருந்து இறங்கிய ஆமை
பாதி வழியில் இருந்தது.
துப்பட்டாவை யாரோ இழுத்தார்கள்.
குனிந்தால், சொல்.
வாயைத் திறந்து என்னைப் பார்த்து
"ஷ்வி" என்றாள்.

பின்னால் தேயுல் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தான்.
சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது, பாவம்.
ஆமாம் கண்ணு என்று தலையாட்டி,
உதட்டில் விரல் வைத்து,
வகுப்பு முழுவதற்கும் சேர்த்துச் சொன்னேன்:
ஷ்ஷ்ஷ்ஷ்.

சொன்னபடி கேட்டாள்.
வெள்ளைக் காலுறை, நீலப் பாய், என் வலது முழங்கால்.
ஆமைக்கு மீதிக் கடலும் வந்து சேர்ந்தது.

ஹியேஜின் சிரிப்பை விழுங்கியபடி
துடைப்பானோடு வந்தாள்.
ஒண்ணுக்கு வருகிறது என்றாளாம்.
எனக்குத் தெரியாத சத்தமா அது?
அண்ணன் மகனைக் கால்மேல் உட்காரவைத்து
எத்தனை ராத்திரி ஸ்ஸ்ஸ் என்றிருப்பேன்.
அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம்.
அங்கேயும் அப்பா அப்பாதான் என்று
குடும்பக் குழுவில் சித்தப்பா அனுப்பிய பட்டியலில்
இது மட்டும் இல்லை.

பதினைந்து நாள் சொல் சொல் என்றுவிட்டு
சொன்ன அன்றைக்கு
வாயை மூடு என்றிருக்கிறேன்.

மூன்று மணிக்கு அவள் அம்மா வந்தார்.
நல்ல ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம்
மன்னிப்பாகத் தயாரித்து வைத்திருந்தேன்.
இரண்டாவதிலேயே நிறுத்தினார்.
ஈரப் பாவாடை இருந்த பையை வாங்கிக்கொள்ளவில்லை.
"பேசினாளா?" என்றார்.
"வாயாலா?"

மறுநாள் பதிவேட்டில் மறுபடி புள்ளிதான்.
வியாழனும் வெள்ளியும் அதுவே.
ஆனால் பத்தரை மணிக்கு துப்பட்டா அசையும்.
இரண்டு பேருமாக நடப்போம்.
கதவை முக்கால் சாத்திக்கொள்வாள்.
நான் தவளை ஒட்டிய குழாய்களைப் பார்த்து நிற்பேன்.
இங்கே கரடி இல்லை.

உள்ளேயிருந்து, சன்னமாக:
"மாங்கோ?"

உள்ளேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, போயிருப்பேனோ என்ற சந்தேகத்தோடு,
"மாங்கோ?"

உள்ளேன் அம்மா.