பதினான்கா, நாற்பத்தொன்றா

ரெஜைனாவில் ஏப்ரல் என்றாலும் பனிதான்.
சப்பாத்தின் உப்பை அரங்க வாசலில் தட்டிவிட்டு
என் கதிரைக்கு வருகிறேன்.
மேசையில் என் வேலை சின்னது:
யார், எத்தனையாவது ஃபவுல்.
ஒரு கட்டத்துக்கு ஒரு கோடு.
விசில் ஊதியதும் எண் எழுதிய மட்டையைத்
தலைக்கு மேலே தூக்க வேண்டும்.
கைதட்டக் கூடாது. எழுந்து கத்தக் கூடாது.
பகலெல்லாம் டயர்க் கிடங்கில் கணக்கெழுதுகிறவன்
சத்தம் போடமாட்டான் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பெயர்ப்பட்டியலின் பின்பக்கம்
பென்சிலால் ஒரு கள்ளக் கணக்கு:
இன்று நாங்கள் வென்று
கெலோனா லெத்பிரிட்ஜிடம் தோற்றால்
எட்டாம் இடம். பிளேஆஃப்.
எழுதிய பிறகுதான் கண்டேன்.
மேசைக்கு ஏது 'நாங்கள்'?

நாற்பத்தொன்று, ஹலுஷ்கா.
வயது முப்பத்தாறு. இரண்டு முழங்காலிலும் கறுப்புப் பட்டி.
இந்தப் பருவத்தில் அவன் போட்ட கூடைகளைவிட
நான் அவனுக்குப் போட்ட கோடுகள் அதிகம்.
கையில் ஐந்து காசு கொடுத்துக்
கடைக்கு அனுப்புவதுபோல்
பயிற்சியாளர் அவனை உள்ளே அனுப்புவார்.
மிச்சம் கொண்டுவந்ததே இல்லை.

பதினான்கு, கெமார்.
பிராம்ப்டன் பையன், இருபத்திரண்டு வயது.
அவன் குதித்தால்
பொப்கோர்ன் விற்பவர்கூட விற்பதை நிறுத்துவார்.

கடைசிக் கால்பகுதி.
இரண்டு நிமிடம், பதினொரு நொடி.
எண்பத்தெட்டு, எண்பத்தேழு.
இருவர் பெயரிலும் நான்கு நான்கு கோடு.
ரெட் டீர்க்காரன் உள்ளே பாய்ந்தான்.
வளையத்தின் கீழ் மூன்று உடம்பு.
மணிக்கட்டில் ஓர் அறை, பலகை விழுந்ததுபோல.
நான் பார்த்தேன்.
அது கெமாரின் உள்ளங்கை.

விசில்.
நடுவர் திரும்பி எண்ணைத் தேடுவதற்குள்
ஒரு கை உயர்ந்துவிட்டது.
பெயர் கூப்பிட்டதுபோல், நேராக.
ஹலுஷ்காவின் கை.

நடுவர் எங்கள் பக்கம் விரல் காட்டினார்.
முதலில் நான்கு. பிறகு ஒன்று.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பேனா நின்றது.
எவ்வளவு நேரமென்று தெரியாது,
கடிகாரமும் நின்றிருந்தது.
பக்கத்துக் கதிரையில் மார்லீன்
என்னைப் பார்த்தாள்,
பிறகு தன் பொத்தானைப் பார்த்தாள்.
கண்ட சாட்சிக்கு இந்த மேசையில் இடமில்லை.
விசில் சொல்வதுதான் எழுத்து.
எழுதினேன்.
ஐந்தாம் மட்டையைத் தூக்கினேன்.
அவன் கை இன்னும் இறங்கவில்லை.
அரங்கில் இரண்டே கைகள் மேலே,
அவனதும் என்னதும்.

கெமார் வாயைத் திறந்தான்.
போகிற போக்கில் ஹலுஷ்கா
அவன் பிடரியில் ஒரு அழுத்து அழுத்தினான்.
வாய் மூடிக்கொண்டது.

எறிதல் இரண்டில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.
அதன்பின் நடந்ததை முழுக்கச் சொல்லத் தெரியவில்லை.
கெமார் ஒருமுறைகூடத் தானாக எறியவில்லை,
அது மட்டும் நினைவிருக்கிறது.
ஐந்து கை மாறி மாறிப் பந்து போனது.
இரவு முழுக்க ஒரு புள்ளியும் எடுக்காத ஒல்லிப் பையன்
மூலையில் நின்று போட்டான்,
போட்டுவிட்டுத் தானே பயந்தான்.
தொண்ணூற்று இரண்டு, தொண்ணூறு.

கெலோனாவில் நேரம் ஒரு மணி பின்னால்.
அங்கே ஆட்டம் முடியவில்லை.
ஒரு தொலைபேசியைச் சுற்றி
ஒரு அணியே தரையில் குந்தியிருக்கிறது.

நான் தாளில் ஒப்பமிடுகிறேன்.
வெள்ளைப் பிரதி சங்கத்துக்கு,
இளஞ்சிவப்பு இங்கே, மஞ்சள் அவர்களுக்கு.
அந்த ஐந்தாம் கோடு
மூன்றிலும் அழுத்தமாக விழுந்திருக்கிறது.

முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு
ஹலுஷ்கா மேசைக்கு வருகிறான்.
"எனக்கு எத்தனை?"
"ஐந்து."
"கணக்குச் சரி."
மார்லீனின் கதிரையில் உட்கார்கிறான். கதிரை முனகுகிறது.
"கெலோனா?"
"நான்கு புள்ளி முன்னால். ஆறு நிமிடம் இருக்கிறது."

என் பென்சில் கணக்கை இழுத்துப் பார்க்கிறான்.
எண்கள் புரிகின்றன.
ஒரு சொல்லில் விரல் வைக்கிறான்.
"இது என்ன?"
சொல்கிறேன்.
"நானும் இதற்குள்ளேயா?"

அழிப்பான் இல்லை.
'நாங்கள்' மேல் ஒரு கோடு போட்டு
பக்கத்தில் எழுதுகிறேன்:
நாம்.

கெலோனா இன்னும் இரண்டு புள்ளி முன்னால்.