ஏழாவது பாட்டு

பதினோரு பாட்டு, பதினோரு குரல்.
எபிநேசருக்காக ஒரு ஆல்பம்.
கொருக்குப்பேட்டை கேட்டுக்குப் பக்கத்தில்
ஜெராக்ஸ் கடை மாடி,
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை.
நிஜாம் போன் பண்ணினான்:
"உனக்கு ஏழாவது."

எது ஏழாவது என்று
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
"வேற ஆளு கெடைக்கலயா?"
"பியூலா அக்கா சொல்டாங்க. அவனே பாடட்டும்னு."

'ஆம்ப் வித்தவன்' என்பது அதன் பெயர்.
வித்தவன் நான்.
தங்கசாலை சேட்டுக் கடையில்
ஒரு வியாழக்கிழமை, மதியம்.
காரணம் இருந்தது.
காரணம் பாட்டில் இல்லை.

கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க் அவன்.
பெட்டி எண் எழுதும் தாளின் பின்பக்கம்தான்
அவனுடைய நோட்டு.
அந்த வாரமே எழுதிவிட்டான்:

மூணாயிரத்துக்குப் போச்சு
மூணு வருசத்துப் பேச்சு

மூணாயிரம் இல்லை, ஏழாயிரத்து ஐநூறு.
ஏழாயிரத்து ஐநூறு மோனைக்கு ஒத்துவராது,
அதனால் பன்னிரண்டு வருடமாக
நாலாயிரத்து ஐநூறு ரூபாய் மலிவாக
வடசென்னை முழுக்க விலைபோகிறேன்.
காசிமேட்டில் ஒரு டீக்கடையில்
பையன்கள் மேசையைத் தட்டிப் பாடினார்கள்.
ஆள் யாரென்று தெரியாமல்
என்னையும் தட்டச் சொன்னார்கள்.
தட்டினேன். தாளம் நல்ல தாளம்.

மஞ்சள் காமாலை முற்றி
ஸ்டான்லியில் கிடந்தபோது
வாசல் வரை போனேன்.
அவனுக்கென்று வாங்கிய ஆரஞ்சை
எதிர்ப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து
நானே உரித்துத் தின்றேன்.
அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல இல்லை.

அவன் பதிவெல்லாம் மொட்டை மாடியில், போனில்.
கூட்ஸ் வந்தால் வாயை மூடிக்கொள்வான்,
பதிவை நிறுத்த மாட்டான்.
கடைசிப் பெட்டி போனதும்
விட்ட எழுத்திலிருந்து எடுப்பான்.
கேட்டுக் கேட்டு
அந்த இடைவெளியும் பாட்டாகிவிட்டது.
இந்த ஆல்பத்தில் யுவஸ்ரீ அந்த இடத்தில் ராப் போட்டிருக்கிறாள்,
புளியந்தோப்பு பொண்ணு, பொறுமை கிடையாது.
மரண கானா தணிகாசலம் சட்டியை உருட்டுகிறார்.
ஷகிலா பானு சும்மா மூச்சு விடுகிறார்,
அது எனக்குப் பிடித்தது.

"உனக்கு ஒரு நிமிசம் பத்து செகண்டு," என்றான் நிஜாம்.
"காலியா வுட்டா தள்ளிட்டுப் பூடுவாங்க.
வெட்டிடட்டா?"

ஹெட்போனில் பழைய பதிவை ஏற்றச் சொன்னேன்.
இரண்டாம் சரணம் முடிந்தது.
என்னைத் திட்டுவது நின்றது. ரயில் வந்தது.
இன்னும் ஏற்று என்றேன். இன்னும்.
இரும்புக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு.
முப்பத்தி மூணு. முப்பத்தி நாலு.
பெட்டி எண்ணுகிறான்.
நாள் முழுக்க எண்ணிவிட்டு வந்து
மாடியில் உட்கார்ந்தும் எண்ணுகிறான்.
நாப்பத்தி ஒண்ணு.
சத்தம் தேய்ந்தபின், பாட்டு எடுக்குமுன்,
தாளில் டிக் போடுகிறவன் குரலில்:
"கணக்கு சரி."

பெட்டிகளைத்தான் சொன்னான்.
எனக்குத் தெரியும்.
நிஜாம் என் முகத்தைப் பார்த்துவிட்டு
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

நாலு டேக் ஆனது.
மூன்றாவதை நிஜ கூட்ஸ் ஒன்று கெடுத்தது,
முட்டை அட்டைக்கெல்லாம் அது அடங்குமா.
நிஜாம் திட்டினான்,
நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்,
பதினெட்டில் விட்டுப்போச்சு.

"வெலைய வேணா மாத்திக்க,"
கடைசி டேக்குக்கு முன் சொன்னான்.
"உன் பாட்டுதான இப்ப."

மைக்குக்குப் பக்கத்தில்
தண்ணீர் பாட்டில், பியூலா கொடுத்தனுப்பிய
மூலத் தாளின் ஜெராக்ஸ்.
முன்பக்க எண்களும் ஊறித் தெரிந்தன.

மூணாயிரம் என்றே பாடினேன்.