ஒன்பதாம் நம்பர் காட்டுப் பெரட்டு

விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு.
கவசத்தில் நாங்கள் நாற்பத்து மூன்று பேர்.
எதிரே
வெட்டுக்காயம் ஆறாத கித்தா மரங்கள்.
மரங்களைத்தான் முதலில் பேர் கூப்பிட வேண்டும்.
அவற்றுக்குப் பதவி அதிகம்.

ஹாயாசே வம்சத்தின் கப்பல்கள்
பீடோங்கில் இறங்கிய வருடமே போட்ட சட்டம்:
சாமி குடியிருக்கும் மரத்துக்கு வைக்கோல் வடம்,
வடத்தில் மின்னல்போல் மடித்த வெள்ளைத் தாள்.
வடம் கட்டிய மரம் கப்பித்தானுக்கு மேல்.
வடம் கட்டிய பாறை கப்பித்தானுக்குச் சமம்.
ஜெராய் மலைக்கு மட்டும் பதவி எழுதவில்லை.
அந்தத் திசையில் பிரபு
கால் நீட்டிப் படுப்பதில்லை.

எங்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?
பால் ஸ்டோருக்குப் பின்னால் முனியாண்டி
எப்போதும் சுருட்டோடு இருந்தார்.
வந்தவர்கள் அவர் மரத்துக்கும் வடம் கட்டினார்கள்.
சுருட்டு
அன்றிலிருந்து படைச் செலவில்.

அன்னக்கொடி, வடக்காரி, மூன்றாம் தரம்.
என் வேலை சாமி பார்ப்பது.
பட்டையில் காது வைப்பேன்,
உள்ளே பால் நடக்கும் சத்தம் கேட்டால்
ஏட்டில் எழுதுவேன்: உண்டு.
கேட்காத நாளிலும் எழுதியிருக்கிறேன்.
யாரும் என்னைத் திருத்தியதில்லை.

ஐப்பசியில்
சுங்கைப்பட்டாணி பிரபுவோடு சண்டை மூண்டது.
நடைபீரங்கி ஒன்பதாம் காட்டைக் கடந்து
நண்பகலுக்குள் மெர்போக் துறையை மிதிக்க வேண்டும்.
ஆறு கால், இரண்டு கை,
கோயில் கோபுரத்தை எட்டிப் பார்க்கும் உயரம்.
துறைக்கு அந்தப் பக்கம்
வேறு நிறக் கவசத்தில் நிற்பவர்களில்
என் தம்பி வைரவேலும் ஒருத்தன்.
அங்கேயும் பெரட்டுக்குப் பிந்தினால்
தமிழில்தான் ஏசுவார்களாம்.

முதல் நாள் இரவு நான் தூங்கவில்லை.
வைக்கோல் இருபது மரத்தோடு தீர்ந்தது.
பிறகு லோரிக் கயிறு,
பிறகு கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துத் திரித்த சரடு,
பிறகு என் பழைய சேலைகள் மூன்று.
தாளுக்கு அரிசிக் கணக்கேட்டைக் கிழித்தேன்.
யார் யாருக்கு எத்தனை கிலோ என்று
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
விடியும்போது இருநூற்றுப் பதினாறு சாமிகள்.

நடைபீரங்கி பயபக்தியுள்ள பொறி,
அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள்.
வடம் கண்டால் இரண்டு முறை குனியும்,
இரண்டு முறை கை தட்டும்,
மறுபடி ஒரு முறை குனியும்.
தட்டும்போதெல்லாம்
மங்குகளில் இருந்த பால் துள்ளிச் சிந்தியது.
ஒரு மரம் முடித்து அடுத்த மரம்.
நண்பகலில் முப்பத்தொன்றுதான் ஆகியிருந்தது.
இரண்டு மணிக்கு மழை.
நாலு மணிக்குத் துறையே இல்லை,
ஆறுதான் இருந்தது.

கப்பித்தான் கென்ஜோ
ஒரு தாளைப் பிடித்துப் படித்தார்:
"மாரிமுத்து, ஐந்து கிலோ.
இத்தனையும் சாமியா, அன்னக்கொடி?"
"நேற்று ராத்திரி இருந்தன, துவான்."
பொய்யா என்று எனக்கே தெரியவில்லை.
இருட்டில் சேலையைச் சுற்றும்போது
ஏதோ ஒன்று
என் கைக்கு விலகி இடம் கொடுத்தது.

தண்டனை:
விடியும்வரை மரத்தோடு கட்டிவைப்பது.
காட்டில் வேறு கயிறு இல்லை, நான்தான் தீர்த்திருந்தேன்.
ஒரு வடத்தை அவிழ்த்து
தாளும் தொங்கலுமாக என்னைக் கட்டினார்கள்.

கொட்டகைக்குத் திரும்பிய நடைபீரங்கி
என் முன்னால் நின்றது.
குனிந்தது. குனிந்தது.
தட்டியதில் காது அடைத்தது.
மறுபடி குனிந்தது.
பின்னால் வந்த நாற்பத்து இரண்டு பேரும்
ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் குனிந்தார்கள்.
கடைசியாக, சட்டம் எழுதிய வம்சத்துக் கப்பித்தான்.
மூக்கில் ஒரு கொசு.
கை இல்லை ஓட்ட.
அவசரமாக ஒண்ணுக்கு வேறு வந்தது.
சாமியாக இருப்பது
இப்படித்தான் போல.

மறுநாள் பெரட்டில் கிராணிக்குக் குழப்பம்,
என்னை எந்த வரிசையில் கூப்பிடுவது என்று.
பேனாவைக் கடித்தார்.
மரங்களோடு சேர்த்துக் கூப்பிட்டார்.
"இருக்கேன்" என்றேன்.
ஏட்டைப் புரட்டி அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.
அது
சொட்டிக்கொண்டிருந்தது.