நெ

ஸ்விலென்கிராத் தாண்டி
சுங்கத்துக்கு லாரிகள் வரிசை நிற்கும் இடம்.
இரவு இரண்டரை.
ருமியானா காப்பிக் கெண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

நெ, என்றான் ஸ்தாதிஸ்.
கிரேக்கத்தில் அது ஆமாம்.
அவள் பல்கேரியத்தில் வேண்டாம்.
கோப்பையைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

நெ? என்று நிமிர்ந்தான்
பக்கத்து மேசையில் தூங்கி வழிந்த ஜெவ்தெத்.
துருக்கியில் அது வெறும் என்ன.

போதாக்குறைக்கு இந்த ஊரில்
மேலும் கீழும் தலையசைத்தால் மறுப்பு.

பனி. எல்லை திறக்கவில்லை.
மூன்றாம் நாள் கேட்காமலே காப்பி வந்தது,
சர்க்கரை இரண்டு.

இஞ்சின் உறுமும்போது
லாரி ஜன்னலை அண்ணாந்து கேட்டாள்:
திரும்ப வருவாயா?

நெ.

அவளிடம் பொறுக்கிய நாலைந்து சொல்லில் ஒன்றா,
அவன் பிறந்த வீட்டுச் சொல்லா?
டயர்த் தடம் மூடும்வரை நின்றாள்.
உள்ளே வந்து அவன் கோப்பையைக் கழுவி
கவிழ்க்காமல் வைத்தாள்.