திரைக் கயிற்றின் கனம்

அரண்மனையிலிருந்து வந்த மின்னஞ்சலில்
வாழ்த்து இரண்டு வரி, கேள்விகள் பத்தொன்பது.
வாகனம் நிற்குமிடத்திலிருந்து வாசலுக்கு எத்தனை அடி?
படிகள் உண்டா? கைப்பிடி எந்தப் பக்கம்?
கழிப்பறைக் கதவு உள்ளே திறக்குமா, வெளியேயா?
மாட்சிமை தங்கியவர் நிற்கக்கூடிய நேரம்
நான்கு நிமிடம்.
இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மோர்கேம் நகரசபையில் விழாக்களுக்குப் பொறுப்பு நான்.
அளவு நாடாவோடு
உயிர்காப்புப் படகு நிலையத்துக்குப் போனேன்.
கடல் பின்வாங்கிக் கிடந்தது.
இந்த விரிகுடாவில் அது நாளுக்கு இரண்டு முறை
யாரையும் கேளாமல் பின்வாங்கும்;
யாரும் அதைப் பற்றித் தலையங்கம் எழுதுவதில்லை.

ஐம்பத்திரண்டு அடி. படி மூன்று.
ஓரமாய்ப் பலகைச் சரிவு ஒன்று போடச் சொன்னேன்.
கம்பளம் வேண்டாம், நுனி தடுக்கும்.
பிறகு அந்தத் திரை:
பித்தளைப் பலகையை மூடிய நீல வெல்வெட்,
பக்கத்தில் பொன்குஞ்சக் கயிறு.
இழுத்துப் பார்த்தேன்.
என் கைக்கே இவ்வளவு கனமென்றால்
எண்பத்தாறு வயதுக் கைக்கு?
வளையங்களுக்கு மெழுகு தடவினோம்.
உள்துணியைப் பிரித்தெடுத்தோம்.
விளிம்பில் தைத்திருந்த ஈயக் குண்டுகளைக் கழற்றினோம்.
கம்பியின் திருகுகளைக்கூடச் சற்றுத் தளர்த்தினோம்,
ஒரு பெருமூச்சுக்கே விலகும்படி.

ஏணியைப் பிடித்திருந்த கொலின் த்ரெல்ஃபால்
இருபத்தேழு வருடம் மீட்புப் படகு ஓட்டியவர்.
"போன மார்ச்சில், பரீட்சையின்போது முழங்கால் மடங்கிற்று.
அன்று மாலையே பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.
அலைக்கு மரியாதை தெரியாது.
அவருக்கு யார் பரீட்சை வைப்பது?"

தேநீர் கொண்டுவந்த மொரீனுக்குக் கோபம்.
"அதென்ன வேலையா, விட்டுப்போக?
கொடுத்த வாக்கு.
என் மாமியார் சாகும்வரை மாமியாராகத்தான் இருந்தாள்."
"அதனால் யாருக்கு நல்லது?"
"யாருக்குமில்லை" என்றாள் மொரீன்,
சீனியைக் கலக்கியபடி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் கதிரையைப் பார்த்தேன்.
நான்கு நிமிடம் முடிந்தால் அவர் அமரவேண்டிய கதிரை.
எங்கள் பேச்சில் கதிரை என்றால் பதவியும்தான்.
அதை விடாதவர்களை நிறையப் பார்த்தாயிற்று,
அவர்களைத் தள்ளிவிட்டு ஏறியவர்களையும்.
கருத்துச் சொல்ல வாய் வரவில்லை.
ஆனால் அது வடக்கு நோக்கிக் கிடந்தது.
வடக்கிருந்த அரசர் எவரும் எழுந்ததில்லை;
உணவை மறுத்து
உட்கார்ந்த இடத்திலேயே முடித்தார்கள்.
இதை மொரீனுக்கு எப்படிச் சொல்வது?
"குளிர்காற்று முகத்திலடிக்கும்" என்று
கிழக்கே திருப்பிவிட்டேன்.

விழாவன்று காலை ஏழரைக்குத் தொலைபேசி.
அவர் வரவில்லை. மகள் வருகிறார்.
காரணம் சளி.
எப்போதும் அது சளிதான்.

மழைக்கோட்டைத் தானே கழற்றினார்.
சரிவை விட்டுப் படியில் ஏறினார்,
இரண்டு படி ஓர் எட்டில்.
பழகிய கனத்துக்குக் கயிற்றை இழுத்தார்.
திரை, கம்பி, குஞ்சம்,
சுவரின் சுண்ணாம்பு ஒரு பிடி,
எல்லாம் அவர் தலைமேல்.

ஊர் மூச்சை நிறுத்தியது.
வெல்வெட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு.
துணியை விலக்கி வெளியே வந்தவர்
கூந்தலைத் தட்டிக்கொண்டே
என்னிடம் மட்டும் கேட்டார்:
"அப்பாவுக்காகவா இவ்வளவு இலேசாக்கினீர்கள்?"
ஆமென்றேன்.
"எங்கு போனாலும் இப்படித்தான்.
கதவு, பேனா, நாடா வெட்டும் கத்தரி.
தன் கையில் பலம் குறையவேயில்லை என்று
அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்."

பலகையில் அவர் திறந்ததாகவே பொறித்திருந்தது.
'சார்பில்' என்றொரு சிறு தகடு ஒட்ட
அளவெடுத்துக்கொண்டேன்.

ஈயக் குண்டுகள் என் மேசை இழுப்பறையில்.
பதினான்கு. மிளகைவிடச் சற்றே பெரிது.
செப்டம்பரில் நூலகத் திறப்பு, இதே திரை.
யார் வருகிறாரென்று இன்னும் தகவலில்லை.
ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறேன்.